பனையோலையில் புறநானூறு 192: ஓரடி ஏடு வேண்டாம், முழுப்பாட்டும் வாங்குங்கள்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சங்கும் ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் விற்கிற கடைகளில் கிடைக்கும் பனையோலை ஏடு இரண்டு வகை. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற ஓரடியை மட்டும் பொறித்து, கயிறு கட்டிச் சுவரில் மாட்டத் தருவது ஒன்று. கணியன் பூங்குன்றனாரின் பாட்டு முழுவதையும் சுவடியாகக் கட்டித் தருவது மற்றொன்று. இங்கே சொல்லப்போவது இரண்டாவது வகையைப் பற்றி. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாலையோரம் உள்ள ஒரு சிறு பட்டறைக் கடையின் தயாரிப்பு. ஓரடி ஏட்டைவிட விலை பல மடங்கு. அந்த விலைக்குத் தகுமா என்றால் தகும். ஆனால் கடையில் கட்டி வைத்திருக்கிறபடியே எடுத்து வராமல், சில மாற்றங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொகுதியில் ஏழு ஏடுகள். ஒவ்வொன்றும் 28 செ.மீ. நீளம், மூன்றரை செ.மீ. அகலம். தலைப்புக்கு ஓர் ஏடு, பாட்டுக்கு மூன்று, உரைக்கு இரண்டு, பெறுபவர் பெயரும் குறிப்பும் எழுத ஒன்று. மேலும் கீழும் வேப்பம்பலகைச் சட்டம். எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள். பெட்டி அருமையான பின்னல். மூடி இறுகி உட்காருகிறது, காற்றும் உள்ளே போய்வருகிறது. பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் உறைக்குள் வியர்த்து, ஏட்டில் வெள்ளைப்பூசணம் பிடித்துவிடும்.

ஓலையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. சுவடிக்குத் தாளிப்பனை ஓலை இன்னும் அகலமானது, மெல்லியது, வளைந்து கொடுக்கும். ஆனால் இந்த மண்ணில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நிற்பது சாதாரணப் பனைதான். அதன் ஓலை தடிப்பு, விறைப்பு. தடிப்பாக இருப்பதால் இரண்டு பக்கமும் எழுதலாம் என்பது இலாபம். பதப்படுத்தாமல் எழுதினால் ஓரிரு ஆண்டில் சுருண்டு நரம்போடு பிளக்கும் என்பது நட்டம். ஆகவே பதம்தான் எல்லாம். குருத்துக்கும் முற்றலுக்கும் இடைப்பட்ட ஓலையை வெட்டி, ஈர்க்கு வாங்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து, மறுபடி நிழலில் ஆறவைத்து, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வேகவைக்கும் தண்ணீரில் மஞ்சள் சேர்ப்பதும் உண்டு. வேகவைத்தார்களா என்று தெரிய ஏட்டை மெதுவாக வில்லாக வளைத்துப் பாருங்கள். பதமான ஏடு சத்தமில்லாமல் வளைந்து, விட்டதும் நிமிரும். வெறும் வெயிலில் காயவைத்தது கறகறக்கும், ஓரத்தில் மயிரிழைப் பிளவு தெரியும். இந்தக் கடையின் ஏடுகள் சோதனையில் தேறுகின்றன. தலைப்பு ஏட்டுக்கு மட்டும் கொஞ்சம் முற்றிய ஓலையைப் போட்டுவிடுகிறார்கள். மாற்றிக் கேட்டால் தருவார்கள்.

அடுத்தது எழுத்து. ஓலையில் எழுத்தாணியால் கீறுவது, லேசர் இயந்திரத்தால் சுடுவது, அச்சடிப்பது என மூன்று முறை புழக்கத்தில் இருக்கிறது. மூன்றையும் ‘ஓலைச்சுவடி’ என்றே விற்கிறார்கள். வேறுபாடு கண்டுபிடிக்க நகமும் ஈரப்பஞ்சும் போதும். அச்சு ஓலையின் மேல் படிந்து நிற்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். லேசர் கோட்டின் இருபுறமும் பழுப்பு ஓரம் இருக்கும், பஞ்சில் கரி ஒட்டும், முகர்ந்தால் புகைவாடை. சுட்ட கோட்டில் ஓலையின் நார் கருகிவிடுவதால் மறுபடி மை தேய்த்தால் சரியாக நிற்காது. எழுத்தாணிக் கீறலோ பள்ளமாகத் தெரியும், உள்ளே மட்டும் கறுத்திருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். இந்தத் தொகுதி கையால் கீறியது. எழுதுபவர் குண்டெழுத்தாணி பிடிக்கிறார். குட்டையான, தலை கனத்த அந்த ஆணி அழுத்தத்தை ஒரே சீராக வைக்கும். ஏட்டை இடது பெருவிரலால் நகர்த்திக்கொண்டே போவதால் வரி கோணாமல் ஓடுகிறது.

பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. ஆணி முனையில் புள்ளி குத்தினால் ஓலை துளையாகிவிடும். இப்போது படிப்பவருக்குப் புள்ளி இல்லாமல் முடியாது. அதனால் இவர்கள் புள்ளியைக் குத்தாமல் மிகச் சிறு வட்டமாகச் சுழிக்கிறார்கள். சரியான முடிவு. ஏட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை தெரியக்கூடாது.

மையாடல் ஒழுங்காக இருக்கிறது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறார்கள். மஞ்சள், ஊமத்தை இலைச்சாறு, மாவிலைக்கரி என்று பழைய முறைகள் வேறும் உண்டு. எதுவானாலும் துடைத்த பிறகு ஓலை மஞ்சளாகவும் எழுத்து கறுப்பாகவும் பிரிந்து தெரிய வேண்டும்.

பாடத்துக்கு வருவோம். எழுதச் சொல்வதற்கு முன் தாளில் ஒரு படி எழுதி வாங்கிச் சரிபார்ப்பது கட்டாயம். ஓலையில் அழிக்க முடியாது. தவறு வரும் இடங்கள் எப்போதும் ஒன்றே. ‘கேளிர்’ என்பதில் ‘ளி’ குறில், அதை ‘கேளீர்’ என்று நீட்டிவிடுவார்கள். சொந்தக்காரர் போய்க் ‘கேளுங்கள்’ வந்துவிடும். ‘படூஉம்’, ‘தலைஇ’ இரண்டிலும் வரும் அளபெடையை எழுத்துப்பிழை என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். ‘படூஉம்’ இரண்டு முறை வருகிறது, நீர்வழியில் ஒன்று, முறைவழியில் ஒன்று. இரண்டிலும் உகரம் நிற்க வேண்டும். இது நேரிசை ஆசிரியப்பா. கடைசிக்கு முந்திய அடி மூன்றே சீர்தான்: ‘பெரியோரை வியத்தலும் இலமே’. வரி குறைகிறதே என்று எழுத்தை அகட்டி இழுத்தோ, பூ வேலை போட்டோ நிரப்பக்கூடாது. இந்தக் கடையில் அங்கே ஒரு கொடி வரைந்து வைக்கிறார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய குறை ஏடு பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. பதின்மூன்று அடியை 5, 4, 4 என்று பிரித்திருக்கிறார்கள். பார்க்கச் சமமாக இருக்கும், பாட்டு உடைந்துவிடும். மின்னலோடு மழை பெய்து, கல்லில் மோதி இரைகிற பேராறு. அதன் போக்கில் போகும் புணை, அதாவது தெப்பம். அப்படித்தான் உயிரும் முறைவழி போகிறது. உவமை ஒன்பதாம் அடியில் ‘ஆருயிர்’ என்று நிற்கிறது, ‘முறைவழிப் படூஉம்’ பத்தாம் அடி. 5, 4, 4-இல் புணை ஓர் ஏட்டிலும் அது போகும் வழி அடுத்த ஏட்டிலும் கிடக்கும். 5, 5, 3 என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி, வரிக்குச் சுமார் 7 மி.மீ., இடம் தாராளம். அப்படிப் பிரித்தால் முதல் ஏட்டில் ஊரும் உறவும், நோவும் சாவும். இரண்டாவதில் ஆறும் புணையும். மூன்றாவதில் ‘காட்சியில் தெளிந்தனம் ஆகலின்’ என்று தொடங்கிப் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதைவிடவும் இல்லை என்ற முடிபு முழுசாக நிற்கும். மூன்றே அடி என்பதால் கீழே வெற்றிடம் இருக்கும். இருக்கட்டும்.

ஓரடி ஏடு வேண்டாம் என்பதற்குக் காரணமும் இதுதான். எல்லா ஊரும் நம் ஊர் என்று சொல்வது எளிது, வரவேற்பறைக்குப் பொருத்தமும்கூட. பூங்குன்றனார் அதோடு விடவில்லை. நன்மையும் தீமையும் அடுத்தவர் தந்து வருவதில்லை என்கிறார், இன்பத்தில் துள்ளவும் துன்பத்தில் வெறுக்கவும் மறுக்கிறார், ஆற்றைக் காட்டுகிறார், ‘ஆகலின்’ என்று காரணம் கட்டி, பெரியவனைப் பார்த்து வாய்பிளக்கவும் சிறியவனை மட்டமாகப் பேசவும் வழியில்லாமல் செய்கிறார். கேளிர் என்ற சொல்லுக்கு எடை தருவது அந்தக் கடைசி அடி. அதை வெட்டிவிட்ட ஏட்டை எந்த முதலாளியும் கூச்சமில்லாமல் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.

உரை ஏடுகள் பரவாயில்லை ரகம். மொழி எளிமை, பொருள் பிழை இல்லை. படம்தான் பிழை. புணை என்பதற்குப் பாய் விரித்த வத்தைப் படகை, அதுவும் கடலில், வரைந்திருக்கிறார்கள். பாய் இருந்தால் ஆள் திருப்பலாம். பாட்டின் புணை தண்ணீர் இழுத்த வழியில் போவது. கல்லில் மோதி இரைகிற ஆறு இந்த மாவட்டத்துக்கே அந்நியம் என்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். இங்கே வைகை பெரிய கண்மாயில் அடங்கி, மிஞ்சியதுதான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. கப்பல் வரைய ஆசை என்றால் மேற்சட்டத்தில் வரையலாம். அதே முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த பானையோட்டில் கப்பல் உருவம் கீறியிருக்கிறது, ரோமானியத் தொடர்பைக் காட்டும் மட்பாண்டங்களும் அங்கே கிடைத்தன. அந்தக் கீறல் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் இடத்துக்கும் பாட்டுக்கும் ஒட்டும்.

குறிப்பு ஏட்டில் மூன்று செய்திகள்: புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2007-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்தப் பாட்டைச் சொன்னது. பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் என்று கருதப்படும் மகிபாலன்பட்டி இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருப்பது. 1985-இல் பிரியும்வரை அந்த ஊரும் இராமநாதபுரம் மாவட்டம்தான் என்பதைச் சேர்த்திருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

பெயர் எழுதும் சேவையில் கவனம் தேவை. இராமேசுவரத்துக்கு வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் பெயரை இந்தியிலோ வங்காளத்திலோ கேட்கிறார்கள். அந்த எழுத்துகளுக்கு மேலே ஓடும் தலைக்கோடு ஓலைக்கு எமன். ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது. அதே வாட்டில் நேர்க்கோடு கீறினால் நரம்போடு நரம்பாக ஏடு பிளந்துவிடும். தமிழிலும் ‘ப’, ‘ட’ போன்றவற்றின் அடிக்கோட்டை நல்ல கை லேசாக வளைத்துத்தான் போடும். தலைக்கோட்டை எழுத்துக்கு எழுத்து விட்டுவிட்டு, மெலிதாகப் போடச் சொல்லுங்கள். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் சில அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், கேட்பதுண்டு. அதற்கும் இதே விதி: எழுத்துகளை இணைக்கும் கிடைக்கோட்டை நீட்டாமல் சுருக்க வேண்டும்.

கட்டுமானத்தில்தான் கடற்கரையை மறந்துவிட்டார்கள். ஏட்டில் இரண்டு துளை. ஒன்றில் ஏடுகள் நகராமல் இருக்க நாராசம் என்ற குச்சி, மற்றதில் கயிறு, கயிற்று முனையில் ஓலையைக் கத்தரித்து முடிந்த கிளிமூக்கு. முறை சரி. ஆனால் நாராசம் இரும்புக்கம்பி. உப்புக்காற்றில் துருப்பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை பரவி, அந்த இடம் மொறுமொறுத்து உடையும். பித்தளை அல்லது மூங்கில் குச்சி கேளுங்கள். கயிறு நைலான், இழுக்க இழுக்கத் துளையை அறுக்கும். பருத்திநூல் போதும். கயிற்றை இறுக்கிக் கட்டாமல், ஏட்டுக்கு ஏடு காற்றுப் புகும் அளவுக்குத் தளர விடுங்கள்.

பளபளப்புக்காக வார்னிஷ் அடித்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். கூடாது. ஏடு வளையும்போது வார்னிஷ் வெடிக்கும். பிறகு எண்ணெய் உள்ளே இறங்காது, மங்கிய எழுத்துக்கு மறுபடி மை ஏற்றவும் முடியாது.

பராமரிப்பு எளிது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பிறகும், எலுமிச்சைப்புல் தைலத்தைச் சில துளி பஞ்சில் விட்டு, நரம்பு ஓடும் வாக்கில் மட்டும் துடைத்து, நிழலில் ஆறவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் ஓரம் கிழியும். தேங்காயெண்ணெய் சிக்குப் பிடித்து நாறும், தூசியை இழுக்கும். பெட்டியில் வசம்புத் துண்டு ஒன்று போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. எழுத்து மங்கினால் விளக்குக்கரியைத் தைலத்தில் குழைத்துத் தேய்த்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. வெயில் படும் சுவரில் மாட்டினால் ஓலை வெளுத்து நொறுங்கும். கண்ணாடிச் சட்டம் போட்டே ஆகவேண்டும் என்றால், ஏடு கண்ணாடியைத் தொடாதபடி நடுவே அட்டை இடைவெளி விட்டு, பின்பக்கம் சிறு காற்றுத்துளை வையுங்கள். பசை வேண்டாம்; நூலால் இரண்டு இடத்தில் பிடித்தால் போதும், ஓலை ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்க இடம் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புவதானால் பொட்டலத்தின் மேல் பதப்படுத்திய பனையோலைக் கைவினைப்பொருள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தாவரப்பொருள் என்று அறிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் தொல்லை. ஏடுகளைத் தட்டையாக, சட்டத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி அனுப்புவது நல்லது. சுருட்டி உருளையில் போட்டுத் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், பனையோலை அதற்கு வளையாது.