குமரி மாவட்டத்து மிஷின்களுக்கு எந்த டார்னிங் ஃபுட்?

துணியைக் கையாலேயே நினைத்த பக்கம் நகர்த்தித் தைப்பதுதான் ஃப்ரீ மோஷன் தையல். அதற்கென்று தையல் சாமான் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் டார்னிங் ஃபுட்டுகள் (ஊசியைச் சுற்றித் துணியை அழுத்தும் கால்) பெரும்பாலும் மூன்று வகைதான். அடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையம் உள்ளது ஒன்று. முன்பக்கம் திறந்த உலோகக் கால் இன்னொன்று. ஊசியைச் சுற்றி மாட்டும் வெறும் சுருள் ஸ்பிரிங் மூன்றாவது. நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் கருப்புக் கால் மிஷினுக்கும், திருவனந்தபுரத்துப் பக்கம் பாலராமபுரத்தில் நெய்யும் கைத்தறி முண்டுத் துணிக்கும் முதலில் வாங்க வேண்டியது பிளாஸ்டிக் வளையம்தான். ஆனால் பாக்கெட்டில் வந்த நிலையில் அது சரியாக வேலை செய்யாது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சில திருத்தங்கள் தேவை.

முதலில் அளவு. மிஷினின் ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித் தகட்டிலிருந்து ஃபுட் திருகு வரை உயரம் பாருங்கள். அரை முதல் முக்கால் அங்குலம் இருந்தால் லோ ஷாங்க். ஒன்றேகால் அங்குலம் வந்தால் ஹை ஷாங்க். உஷா, சிங்கர், மெரிட் கால் மிஷின்கள் லோ ஷாங்க். தையல் கூடத்து ஜூகி மாதிரியான பவர் மிஷின்களுக்கு இது பொருந்தாது. மாட்டும்போது ஃபுட்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, ஊசி மாட்டும் திருகுக்கு மேலே உட்கார வேண்டும். கீழே மாட்டிவிட்டால், ஊசி இறங்கும் முதல் சுற்றிலேயே கம்பி வளையும், இல்லையென்றால் பிளாஸ்டிக் உடையும். கைச்சக்கரத்தை இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகே மிதிக்கத் தொடங்குங்கள்.

இந்த ஃபுட்டின் முழு நன்மையும் தீமையும் அதன் உயரத்தில் இருக்கிறது. ஊசி மேலே போகும்போது அந்தக் கம்பி ஃபுட்டைத் தூக்கும்; துணி தடையில்லாமல் நகரும். ஊசி இறங்கும்போது ஸ்பிரிங் ஃபுட்டை அழுத்தும். துணி தகட்டோடு படியும். ஊசி அடியில் இருக்கும்போது வளையம் துணியை லேசாகத் தொட வேண்டும். இடைவெளி அதிகமானால் ஊசி மேலேறும்போது துணியும் கூடவே எழும்பும். அப்போது நூலில் சுருக்கு விரியாது, கீழே அடிநூலைக் கோக்கும் ஷட்டிலின் கூர்முனைக்கு நூல் அகப்படாது, தையல் விட்டுவிட்டு விழும். ஊசி மழுங்கிவிட்டது என்று ஊசியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இந்த உயரத்தைப் பார்க்கட்டும். மறுபக்கம், அழுத்தம் கூடினால் துணி நகராது. கை இழுக்க, ஊசி வளைந்து தகட்டில் அடிக்கும். விலை குறைந்த ஃபுட்டுகளில் ஸ்பிரிங் பெரும்பாலும் தேவைக்கு மேல் விறைப்பு. கம்பியைக் குறட்டால் பிடித்துச் சற்றே மேல்நோக்கி வளைத்தால் குதிப்பு குறையும், அந்த 'டக் டக்' சத்தமும் தணியும். அப்படியும் தாழ்ந்தே நின்றால், ஸ்பிரிங் உள்ள தண்டின் மேல் பகுதியில் ரப்பர் பேண்டைச் சுற்றி உயர்த்தலாம். துணியின் கனம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

துணியைத் தள்ளும் பல்லை இறக்கும் வசதி சில மிஷின்களில் உண்டு. சிலவற்றில் பல்லை மூடும் தகடு தருவார்கள். அந்தத் தகட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபுட்டுக்கும் ஊசித் தகட்டுக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச இடத்தையும் அது தின்றுவிடும். தையல் நீளத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலே போதும். பல் மேலும் கீழும் ஆடும், துணியைத் தள்ளாது.

மெல்லிய துணிக்குப் புதிய ஜிக்ஜாக் மிஷினைவிடப் பழைய கால் மிஷின் மேல். ஊசி பக்கவாட்டிலும் ஆட வேண்டியிருப்பதால் ஜிக்ஜாக் தகட்டில் ஊசித் துளை அகலமாக இருக்கும். ஊசி குத்தும்போது முண்டுத் துணி அந்தப் பள்ளத்துக்குள் அமிழ்ந்து சுருங்கும். கால் மிஷினில் சின்ன வட்டத் துளை. துணிக்கு நாலு புறமும் தாங்கல் கிடைக்கிறது. ஜிக்ஜாக் மிஷின் மட்டுமே இருந்தால், நேர்த்தையல் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பாலராமபுரம் துணி மெல்லிய நூலில் நெய்து, கஞ்சி ஏற்றி வருவது. கஞ்சியோடு தைத்தால் துணி விறைப்பாக நின்று கைக்கு அடங்கும். ஆனால் முதல் சலவையில் துணி சுருங்கி, அடர்த்தியாகத் தைத்த இடமெல்லாம் புடைத்துக்கொள்ளும். எனவே முதலில் நனைத்துக் காயவைத்து, திரும்பக் கஞ்சி போட்டு, தேய்த்துப் பிறகு தையுங்கள். ஒற்றைத் துணிக்கு 11 நம்பர் ஊசி, மேலே 40 நம்பர் எம்ப்ராய்டரி நூல், பாபினில் அதைவிட மெல்லிய 60 நம்பர். டென்ஷன் (மேல் நூல் இறுக்கம்) நாலில் இருந்தால் இரண்டரைக்கு இறக்குங்கள். அடியில் ஒரு பழைய காகிதமோ, துணியைத் தாங்கும், பிறகு கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் தாளோ வையுங்கள். தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு தையல் போடுங்கள். இல்லையென்றால் அடியில் நூல் கூடு கட்டும். ஃபுட் குதிப்பதால் அதை இறக்கிவிட்டோம் என்றே தோன்றும், லீவரோ தூக்கியபடியே இருக்கும். கூடு கட்டுவதற்கு அதுவும் பெரிய காரணம், டென்ஷன் தட்டுகள் அப்போது நூலைப் பிடிப்பதே இல்லை.

வளைவுகளில் பின்பக்கம் நூல் கோடுகோடாக, கண் இமை மயிர் போல நீண்டு நின்றால், கை வேகம் மிஷின் வேகத்தை மிஞ்சிவிட்டது என்று பொருள். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழ வேண்டும். காலை வேகமாகவும் கையை மெதுவாகவும் வையுங்கள். கால் மிஷினில் இந்தச் சமன்பாடு வர நாள் பிடிக்கும். வளைவில் மிதி தளர்ந்து சக்கரம் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினாலே நூல் அறுந்துவிடும்.

கசவுக் கரையின், அதாவது ஜரிகைக் கரையின் மேல் தைக்காதீர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு, அதற்குப் பொன் முலாம். ஊசி அதை வெட்டும். வெட்டுப்பட்ட முனை எழும்பி நின்று விரலையும் நூலையும் பிடிக்கும். பருத்தியில் விழுந்த ஊசித் துளை நனைத்தால் மூடிக்கொள்ளும், ஜரிகையில் விழுந்தது மூடாது. கரையிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டுங்கள். பிளாஸ்டிக் வளையத்தின் விளிம்பைக் கசவோடு ஒட்டிக் கொண்டுபோனால் அந்த இடைவெளி தானாகவே ஏறக்குறைய அமைந்துவிடும். திறந்த உலோகக் காலில் இந்த வசதி கிடையாது.

பழைய வேட்டியையும் சேலையையும் அடுக்கி மெத்தை விரிப்பு தைப்பவர்களுக்குத்தான் திறந்த கால் பயன்படும். முன்பக்கம் மறைக்காததால் வரைந்த கோடு நன்றாகத் தெரியும். 14 நம்பர் ஊசி போட்டால் நான்கு அடுக்கு வரை தாங்கும். ஆனால் ஒட்டுத்துணியின் பிரிந்த ஓரம் அந்தத் திறந்த வாயில் சிக்கும். ஓரங்களை முதலில் மடித்து நூலோட்டிக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த தலையணை லேஸை (தலையணை மேல் வைத்துக் கையால் பின்னும் லேஸ்) பார்த்து வளர்ந்தவர்களுக்கு மிஷினிலும் லேஸ் போட ஆசை வரும். நீரில் கரையும் பிலிமை எம்ப்ராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டி, முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் ஓட்டி, ஒவ்வொரு பூவும் இலையும் அந்தக் கட்டத்தைத் தொடும்படி தையுங்கள். எங்காவது தொடாமல் விட்ட துண்டு, கழுவும்போது தனியாகக் கழன்று வரும். இந்த வேலையிலும் பிளாஸ்டிக் வளையமே நல்லது. திறந்த கால் பிலிமைக் கிழிக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் பிலிம் காற்றின் ஈரத்திலேயே பிசுபிசுத்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சுருள் ஸ்பிரிங்கை வாங்க வேண்டாம். ஊசி மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும். நம் கடலோரக் காற்றில் சீக்கிரம் துரு ஏறி வெள்ளைத் துணியில் கறை வைக்கும். பிளாஸ்டிக் வளையம் வாங்கும்போது அடித்தட்டைப் பின்னாலிருந்து வெளிச்சத்தில் பிடித்து, தண்டு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். உடைவது எப்போதும் அங்கேதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான் என்பதால் இரண்டாக வாங்கி, ஒன்றில் மட்டும் முன்பக்க வளையத்தைக் குறட்டால் வெட்டி, அரத்தால் தேய்த்து வைத்துக்கொண்டால் திறந்த கால் தனியாக வாங்கத் தேவையில்லை.