சிங்கப்பூர் – நியூயார்க்: நேர் விமானமா, பிராங்க்ஃபர்ட் வழியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 15,300 கி.மீ. சொச்சம் என்று வரும். அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, 17 மணி நேரம் என்றும் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு எண்ணையும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம், அந்த நூல் சீனா, ரஷ்யா மேலாக ஏறி வடதுருவத்தை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்குகிறது. நிஜ விமானம் காற்றைப் பார்த்துத்தான் போகும், பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக வளைந்து பசிபிக்கின் மேல், பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு. 2018-ல் பக்கத்திலுள்ள நுவார்க்குக்கு நேர் சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன கணக்கே 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம் வரை.

இப்போது அதே நிறுவனத்தின் பிராங்க்ஃபர்ட் வழியைப் பாருங்கள். பிராங்க்ஃபர்ட் வரை சுமார் 10,300, அங்கிருந்து 6,200, மொத்தம் 16,500 கி.மீ. நியூயார்க் கிட்டத்தட்ட உலகத்தின் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நேரம் 23 மணியைத் தொட்டுவிடுகிறது. மேற்கே போகும்போது எதிர்க்காற்று, நடுவில் ஒருமுறை இறங்கி ஏறுவது, தரையில் இரண்டு மணி நேரம், எல்லாம் சேர்ந்து நாலைந்து மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அப்படியானால் நேர் விமானமே என்று முடிவு கட்டுமுன் ஒரு விஷயம்: அதில் எகானமி வகுப்பே கிடையாது. ஏ350-900யுஎல்ஆர் என்ற அந்த விமானத்தில் சுமார் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். அந்த எடைக்காக ஆளைக் குறைத்து 161 இருக்கையோடு நிறுத்தியிருக்கிறார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு) 94. ஆக, குடும்பத்தோடு எகானமியில் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே இல்லை, பேசாமல் பிராங்க்ஃபர்ட் வழியாகப் போகலாம். பிரீமியம் எகானமிக்குக் கொடுக்க முடியும், அதிலும் தனியாகத்தான் பயணம் என்றால், வாலை ஒட்டிய கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உண்டு, முதலில் அதைப் பிடியுங்கள். பதினெட்டு மணி நேரம் பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய்வருவது சின்ன சுகமில்லை.

பிராங்க்ஃபர்ட்டில் பயண எண் மாறாவிட்டாலும் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். கைப்பையையெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கி, பாதுகாப்புச் சோதனையை மறுபடி முடித்து, அப்புறம்தான் ஏற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் குழந்தையோடு இது எரிச்சல்தான். ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் கால் வீங்குகிறவர்களுக்கும் அந்த நடை நல்லது, என் அப்பா வயதில் உள்ளவர்களை நான் இப்படித்தான் அனுப்புவேன்.

டோக்கியோ நரிட்டா வழியாகப் போனால் கூட்டுத்தொகை இன்னும் குறைவு, 16,200 கி.மீ. பக்கம். அங்கே எல்லாம் இணைப்பு விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பிராங்க்ஃபர்ட்டை விட்டுவிட்டு அதை எடுங்கள், ஆறேழு மணி நேரம் என்றால் விலை நன்றாகக் குறைந்தால் மட்டும்.