கழற்றிய சைலன்சரைக் கடையில் விட்டு வராதீர்கள்

போன வருஷம் ஆடி மாதம் செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு இன்னும் காசு கட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்கு வெளியில் சைலன்சர் வாங்கி மாட்டும் எண்ணத்தில் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மாட்டுவது சரியா தப்பா என்று பாடம் நடத்த வரவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை, மாட்டியவனே நான்தான். கழற்றிய சாமான் எங்கே போகிறது, என்ன ஆகித் திரும்பி வருகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வண்டி 350 சிசி, 2024 செப்டம்பரில் எடுத்தது. வீடு ஸ்ரீரங்கம், வேலை துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில். பாய்லர் பாகங்களில் போட்டிருக்கும் வெல்டிங்கைப் பார்த்து இது தேறும், இது தேறாது, இதை வெட்டி மறுபடி போடு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆடித் தள்ளுபடி புடவைக்கும் பாத்திரத்துக்கும்தான் என்று நினைத்திருந்தேன். பைக் ஆக்சஸரிஸ் கடைக்காரர்களும் போடுகிறார்கள். முழு செட் சைலன்சர், லெக் கார்டு, இரண்டு ஃபாக் லைட், எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய், ஃபிட்டிங் இலவசம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கூட வேலை பார்க்கும் ஒருவன் அங்கேதான் மாட்டியிருந்தான். அவன் வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் கேண்டீனில் இருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். எனக்கும் ஆசை. ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமை. அம்மா மண்டபம் பக்கம் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு காவிரிப் பாலம் ஏறி ஊருக்குள் போனேன்.

கடையில் சுவர் முழுக்க சைலன்சர். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், பஞ்சாபி, இந்தோரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். போலீஸ் தொல்லை வருமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வராது ப்ரோ. உள்ள டிபி கில்லர் இருக்கு. சத்தம் ஷோரூம் வண்டியை விடக் கொஞ்சம்தான் கூட."

டிபி கில்லர் என்பது சைலன்சரின் வாயில் செருகியிருக்கும் சின்னக் குழாய். சத்தத்தை அடக்குவது அதுதான். ஒரே ஒரு ஆலன் போல்ட்டில் நிற்கும். மாட்டி முடித்துவிட்டு அந்தப் பையன் அந்த போல்ட்டைக் கழற்றி, குழாயை உருவி என் கையில் கொடுத்தான். "இதை எடுத்தாதான் ப்ரோ சவுண்டு. செக்கிங் இருந்தா போட்டுக்குங்க." இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது சிரித்துக்கொண்டே வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சைலன்சர் வந்த அட்டைப்பெட்டி காலடியில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'ரேஸ் யூஸ் ஒன்லி' என்று அச்சடித்திருந்தார்கள். படித்தேன். படித்தும் மண்டையில் ஏறவில்லை.

பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி பில்லுன்னா 28 பர்சென்ட் கூட ஆகும் ப்ரோ, பரவாயில்லையா?" என்றார்கள். பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஜிபேயில் பணம் போன கணக்கு கடைப் பெயரில் இல்லை, யாரோ ஒரு ஆள் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன்.

அப்புறம்தான் பழைய சைலன்சர். இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்தான் பெண்ட் பைப். என் வண்டியில் அது இஞ்சினுக்கு அடியில் வரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை விழுங்கிய மாதிரி. அந்தப் பைப்பும் சைலன்சரும் சேர்ந்தால் இரண்டு கை நீளம், நல்ல கனம். "800 ரூபாய் கழிச்சுக்கறேன், குடுத்துடுங்க" என்றார் கடைக்காரர். வேண்டாம், எனக்கு வேண்டும் என்றேன். "அப்ப இங்கயே இருக்கட்டும் ப்ரோ, பேர் எழுதி மேல போட்டு வைக்கிறேன். எப்ப வேணா வந்து எடுத்துக்குங்க." வண்டியில் கட்டி எடுத்துப் போக கயிறு இல்லை, மாலை ஆகிவிட்டது. சரி என்றேன். அந்தச் சரிக்கு விலை 17,000 ரூபாய் என்று பிறகு தெரிந்தது.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து கூப்பிட்டார். "ஏன்டாப்பா, காலம்பர அஞ்சரைக்குக் கிளப்பறியே, அது வண்டியா, ரைஸ் மில்லா?" எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வீடு ஒட்டி ஒட்டி இருக்கும். சத்தம் வெளியே போக வழியில்லை, சுவருக்குச் சுவர் மோதும். அன்றிலிருந்து தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினேன். ஆசைப்பட்டு வாங்கிய சத்தத்தைத் தெருவில் கேட்கவிடாமல் தள்ளிக்கொண்டு போவது என்ன பிழைப்பு என்று அப்போதே யோசித்திருக்கலாம்.

ஆக்சிலரேட்டரை விட்டால் டப் டப் என்று பட்டாசு வெடிக்கும். கடைக்காரர் அதையும் ஒரு சிறப்பு மாதிரி சொல்லியிருந்தார். உண்மையில் ஜாயிண்டில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று உள்ளே இழுத்திருக்கிறது, மிச்சமிருந்த பெட்ரோல் பைப்பில் எரிந்திருக்கிறது. மைலேஜ் 35-லிருந்து 30-க்குக் கீழே வந்தது. மீட்டரில் இஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஓ2 சென்சரைப் புதுப் பைப்பில் மாட்டும்போது குறுக்கே ஏற்றி மரையைக் கெடுத்துவிட்டு, இறுகாததற்கு எதையோ சுற்றி வைத்திருந்தார்கள். போன் செய்தால் "அது ஒண்ணும் பண்ணாது ப்ரோ, ஓட்டுங்க" என்று பதில். ஃபாக் லைட்டுக்கு ஹாரன் வயரைச் சீவி அதிலிருந்து எடுத்திருந்தது தனிக் கதை, அதை விடுகிறேன்.

செப்டம்பர் முதல் வாரம் டி.வி.எஸ். டோல்கேட் அருகே போலீஸ் கை காட்டியது. டிபி கில்லர் வீட்டில் மேஜை டிராயரில் இருந்தது. உதவி ஆய்வாளர் சத்தம் போடவில்லை, பொறுமையாகச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் சத்தம், புகை விதிமீறலுக்கு முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் போய்விடும். வண்டியை மாற்றியமைத்ததற்கு 182ஏ தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது விதி. "மாட்டிவிட்டவன் வரமாட்டான், ஓட்டறவன்தான் மாட்டுவான்" என்றார். வேலைக்குப் போகிற அடையாள அட்டையைப் பார்த்து, மூன்று நாளில் பழையதை மாட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்லி விட்டார். டிவியில் சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவதைக் காட்டுவார்களே, அதில் ஒன்றாக என்னுடையதும் போயிருந்தால்கூட இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

மறுநாள் கடைக்குப் போனேன். மேலே போட்டு வைத்திருப்பதாகச் சொன்ன சாமான் மேலே இல்லை. "குடோன்ல இருக்கு ப்ரோ, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனேன். ஒரு பழைய கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பை எல்லாம் தூசி, உள்ளே இருந்த பைப் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. கடையில் என்னவோ கவனித்து வைத்திருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களிடமே மாட்டக் கொடுக்கப் பிடிக்காமல் திருவானைக்காவலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். பைப்பைக் கையில் வாங்கியவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அந்தப் புடைப்பைத் தட்டினார். டங் என்று ஒரு சத்தம், காலி தகர டப்பாவைத் தட்டியது போல. பக்கத்தில் சர்வீஸுக்கு நின்றிருந்த அதே மாடல் வண்டியின் புடைப்பைத் தட்டினார். டொக்.

"தம்பி, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே."

"என்னண்ணே சொல்றீங்க?"

செல்போன் டார்ச்சைப் பைப்பின் ஒரு வாயில் அடித்து, மறு வாயில் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் புடைப்பின் உள்சுவர் முழுக்கப் பரவி வந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி கண்கண்ணாக ஒரு உருளை இருக்க வேண்டும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது அதுதான். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அந்தக் கண்கள் வழியாகப் போகும்போது விஷம் குறைந்து வெளியே வரும். அந்த வேலையைச் செய்வது கண்களின் மேல் மெல்லியதாகப் பூசிய பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம். இதில் ரோடியம் தங்கத்தைவிட விலை கூடியது. ஒரு பைக்கில் இருப்பது துளிதான், ஆனால் நூறு பைக்கில் நூறு துளி. காயலான் கடைக்குப் போகும் வெறும் இரும்புக்கு யாரும் 800 ரூபாய் கழிக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் என் கண் அந்த வெல்டிங்கில் போய் நின்றது.

புடைப்பின் அடிப்பக்கம், வண்டியில் மாட்டினால் தரையைப் பார்க்கும் பக்கம், நீளவாக்கில் ஒரு வெட்டு. வெட்டி, மடலை விரித்து, உள்ளே இருந்ததை உருவிக்கொண்டு, மறுபடி மூடிப் பற்றவைத்திருக்கிறார்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக, சங்கிலிக் கோலம் மாதிரி போகும். இது மேடும் பள்ளமுமாக, அங்கங்கே துளித் துளியாக ஸ்பாட்டர் தெறித்து, கிரைண்டர் போட்டு மழித்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் வந்தது. அதன் கீழே சூட்டில் நீலம் பாரித்த கோடு. ஓரிடத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை வேறு. என் கம்பெனியில் ஒரு பயிற்சிப் பையன் இதைப் போட்டுக் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருப்பேன். கடையில் கையில் வாங்கியபோது திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தேகம் தீர அதையே மாட்டிப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். வண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, எப்படியும் சான்றிதழ் எடுக்க வேண்டிய நேரம். ஃபெயில்.

கடைக்குத் திரும்பிப் போனபோது குரல் மாறியிருந்தது. "நீங்க குடுக்கும்போதே அப்படித்தான் ப்ரோ இருந்துச்சு." கழற்றும்போது நான் போட்டோ எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது முந்தின வருஷத்து ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததை என் பெண் தரையில் உட்கார்ந்து கீழிருந்து போட்டோ எடுத்திருந்தாள். பழத்தைப் படம் எடுக்கப் போய் பெண்ட் பைப்பின் அடிப்பக்கமும் தெளிவாக விழுந்திருந்தது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அதைக் காட்டியதும் கடைக்காரர், குடோன் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அவன்தான் செய்திருப்பான் என்று ஆரம்பித்து, சாமி சத்தியம் பண்ணி, 3,000 ரூபாய் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்று முடித்தார்.

வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சமரசம் ஆகிவிட்டது என்று எழுதி வாங்கியிருப்பார். ஷோரூமில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் 17,000-க்குப் பக்கம் ஆனது. ஓ2 சென்சர் தனி. மூன்று நாள் கெடு முடிவதற்குள் சாமான் வராமல், உதவி ஆய்வாளரிடம் ஆர்டர் ரசீதைக் காட்டி இன்னும் ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். கடை பதிலே தரவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர், ஒப்படைத்த பொருளில் கை வைத்ததால் பாரதிய நியாய சன்ஹிதா 316-ன் கீழ் போலீஸுக்கும் போகலாம், ஆனால் முதலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள் என்றார். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருந்தவை எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பதிவு, "பழைய சைலன்சர் பத்திரமா இருக்கு ப்ரோ" என்று ஆகஸ்டில் அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அந்த எலுமிச்சம்பழப் போட்டோ. பில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம் என்று வக்கீல் இரண்டு தடவை சொன்னார். மெக்கானிக் அண்ணன் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழக்கு நடப்பதால்தான் கடைப் பெயரை இங்கே போடவில்லை, யாரும் கேட்க வேண்டாம்.

சர்வீஸுக்கு விட்டாலும் சரி, ஆக்சஸரிஸ் மாட்டினாலும் சரி, இப்போதெல்லாம் வண்டியை விடும் முன் நான்கு பக்கமும், குனிந்து அடிப்பக்கமும் வீடியோ எடுத்துவிடுகிறேன். கழற்றிய சாமான் சின்ன போல்ட்டாக இருந்தாலும் பையில் போட்டு வாங்கிக்கொள்கிறேன். பையன்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஏற்கெனவே எங்காவது விட்டு வந்திருப்பவர்கள் இன்றைக்கே போய் வாங்கி, தட்டிப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் காலிப் பைப் கோணிப்பையோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எப்போது தூக்கிப் போடுவீர்கள் என்று வீட்டில் தினம் கேட்கிறார்கள், வழக்கு முடியட்டும் என்கிறேன். நேற்று அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கரும்பு, பானை எல்லாம் படம் போட்டுப் பொங்கல் ஆஃபர். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: பழைய சைலன்சர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.