லூனி ட்யூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்: ஆறு பெட்டியும் வாங்கலாமா?

நேரா விஷயத்துக்கு வரேன். வார்னர் பிரதர்ஸ் எடுத்த பக்ஸ் பன்னி, டாஃபி டக் வர்ற பழைய லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன்களை டிஸ்க்ல சேர்க்கணும்னு ஆசை இருந்தா, ப்ளூரே வந்தாச்சு, ஹெச்டி வந்தாச்சுன்னு யார் என்ன சொன்னாலும் இன்னிக்கும் முதல்ல வாங்க வேண்டியது கோல்டன் கலெக்‌ஷன் டிவிடிதான். 2003ல ஆரம்பிச்சு 2008 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணுன்னு வார்னர் ஆறு வால்யூம் போட்டாங்க, ஒவ்வொண்ணுலயும் நாலு டிஸ்க், முதல் பெட்டியில 56 கார்ட்டூன், மத்த அஞ்சுலயும் 60 60ன்னு மொத்தம் 356. மொத்தமா அவங்க எடுத்தது ஆயிரம் பக்கம் இருக்கும், அதனால இது முழு கலெக்‌ஷன் கிடையாது, ஆனா நல்ல சரக்குல பெரும்பங்கு இதுக்குள்ள வந்துடுது.

எங்கிட்ட இருக்கறது அமெரிக்காவுல எடிசன்ல இருக்கற மச்சான் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பெட்டியில துணிக்கு நடுவுல சொருகி கொண்டு வந்தது. இங்க இருந்து வாங்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, டிவிடிக்கு எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடணும்னு ரீஜன்னு ஒரு பூட்டு உண்டு, அமெரிக்க டிஸ்க் எல்லாம் ரீஜன் 1, நம்ம நாடு ரீஜன் 5, சாதாரண ப்ளேயர்ல போட்டா ஓடாது. எல்லா ரீஜனும் ஓடற ப்ளேயர் வேணும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல டிவிடி டிரைவ் வெச்சு விஎல்சி மாதிரி ஏதாவது ஒரு வீடியோ சாஃப்ட்வேர்ல பாருங்க.

சரி, உள்ள என்ன இருக்கு. நாம கார்ட்டூன் நெட்வொர்க்ல சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து பாத்ததெல்லாம் இதுல இருக்கு, ஆனா அந்த ஞாபகத்துக்காக மட்டும் வாங்கினா பாதி காசு வேஸ்ட். இதெல்லாம் டிவிக்கு எடுத்ததே இல்ல, தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி போடறதுக்கு எடுத்த ஆறு ஏழு நிமிஷப் படங்க, பெரியவங்களும் உக்காந்து பாக்கற இடத்துக்குன்னு எழுதினது. பின்னாடி வந்த பெட்டிகள்ல இது பெரியவங்க சேர்க்கறதுக்கான தொகுப்பு, குழந்தைங்களுக்குப் பொருந்தாம போகலாம்னு வெளியிலயே போட்டிருப்பாங்க. அமெரிக்காவுலயே டிவி சேனல்காரங்க துப்பாக்கி சீன், அடிதடி சீன்னு நிறைய வெட்டித்தான் போட்டாங்க, டிஸ்க்ல வெட்டு இல்லாம வருது.

உதாரணத்துக்கு முதல் பெட்டியில இருக்கற ரேபிட் சீசனிங், 1952, சக் ஜோன்ஸ் டைரக்‌ஷன், மைக்கேல் மால்டீஸ் கதை. வேட்டைக்காரன் எல்மர் ஃபட் துப்பாக்கியோட நிக்கறான், இது முயல் வேட்டை சீசனா வாத்து வேட்டை சீசனான்னு முயல் பக்ஸும் வாத்து டாஃபியும் அடிச்சுக்கறாங்க, பேச்சுல பக்ஸ் ஜெயிக்கறான், குண்டு டாஃபி மூஞ்சியில. ஒவ்வொரு தடவை சுடும்போதும் டாஃபியோட அலகு வேற வேற இடத்துக்குப் போயிடும், ஒரு தடவை பின்மண்டைக்கு, ஒரு தடவை தலைகீழா. அவன் கத்த மாட்டான், அழ மாட்டான், கையால அலகைப் புடிச்சு திருப்பி சரியா மாட்டிக்கிட்டு திரும்ப வாதம் பண்ண வந்துடுவான். ரிமோட்ல ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாருங்க, அந்த அலகு மாட்டற இடத்துல கண்ணுல ஒரு அவமானம் தெரியும், அதை ஒரு மனுஷன் பென்சிலால வரைஞ்சிருக்கான். டிவியில ஓடிட்டு இருக்கும்போது எனக்கு இதெல்லாம் கண்ணுல பட்டதே கிடையாது.

டக் அமக் (1953) பத்தி தனியா சொல்லணும், அதுவும் முதல் பெட்டியிலயே இருக்கு. டாஃபி கத்தியோட வீரன் மாதிரி சண்டை போட்டுக்கிட்டே வரான், பாதி வழியில பேக்ரவுண்டு தீர்ந்து போயிடுது, வெறும் வெள்ளை. அவன் வரையறவனைப் பாத்து சீனரி எங்கய்யான்னு கேக்கறான், உடனே பிரஷ் வந்து வேற எதையாவது வரைஞ்சுட்டுப் போகுது, அவனும் அதுக்குத் தகுந்த மாதிரி டிரெஸ் மாத்திக்கிட்டு வந்தா அதுக்குள்ள இடம் மறுபடி மாறிடுது, அப்புறம் அவனையே அழிச்சுடறாங்க, குரலைப் புடுங்கறாங்க, படச்சட்டமே அவன் தலை மேல இடிஞ்சு விழுது. இந்தக் கார்ட்டூனை 1999ல அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுல சேர்த்தாங்க. சும்மாவா சேர்ப்பாங்க.

எனக்கு இந்த செட்டு பிடிச்சதுக்கு முக்கியக் காரணம் வேற. இந்தக் கார்ட்டூன்களை எடுத்தவங்க பேரு ரொம்ப நாளா யாருக்கும் தெரியாம கிடந்துச்சு. ஓடின கார்ட்டூன்களையே வார்னர் ப்ளூ ரிப்பன்னு பேரு வெச்சு தியேட்டர்ல மறுபடி ரிலீஸ் பண்ணுவாங்க, அப்ப நிறைய படத்துல முன்னாடி வர்ற பேர் கார்டை நெகட்டிவ்லயே வெட்டிட்டு பொதுவான ஒரு டைட்டிலை ஒட்டிட்டாங்க. டைரக்டர் பேரு போச்சு, வரைஞ்சவன் பேரு போச்சு. குரல்னு எடுத்துக்கிட்டா திரையில மெல் ப்ளாங்க் பேரு மட்டும்தான் வரும், எல்மர் ஃபட்டுக்கு வருஷக்கணக்கா குரல் குடுத்த ஆர்தர் க்யூ ப்ரையன் பேரை எங்கயும் காணோம். இந்தப் பெட்டியில நிறைய கார்ட்டூனுக்கு ஆடியோ கமெண்டரி இருக்கு, அதுல மைக்கேல் பேரியர்ன்னு ஒரு வரலாற்று ஆளு, தான் முன்னாடி எடுத்து வெச்ச பழைய பேட்டி டேப்பை நடுவுல போட்டு விடறாரு, செத்துப்போன டைரக்டரோட குரல்லயே அந்த சீனை ஏன் அப்படி எடுத்தோம்னு கேக்கலாம். சில கார்ட்டூனுக்கு பேச்சை எல்லாம் எடுத்துட்டு மியூசிக் மட்டும் ஓடற டிராக்கும் உண்டு. கார்ல் ஸ்டாலிங் போட்ட மியூசிக்கை அப்படித் தனியா கேட்டா, பூனை நடக்கற ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாத்தியம் எப்படி சேர்ந்து விழுதுன்னு புரியும்.

இன்னொரு கதையும் இருக்கு, சேர்க்கறவங்களுக்கு அவசியம் தெரியணும். 1956ல வார்னர், 1948 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி வந்த கலர் கார்ட்டூன்களை எல்லாம் டிவிக்காக வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க, அது அங்க இருந்து யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ் போய், எம்ஜிஎம் போய், டிவி முதலாளி டெட் டர்னர் கைக்குப் போய், 1996ல டர்னர் கம்பெனியே டைம் வார்னரோட சேர்ந்ததுக்கு அப்புறம்தான் சொந்த வீட்டுக்கு வந்துச்சு. அதனாலதான் விஎச்எஸ், லேசர் டிஸ்க் காலத்துல பழைய பாதி ஒரு லேபிள்ல, புது பாதி இன்னொரு லேபிள்ல கிடைச்சுது. கோல்டன் கலெக்‌ஷன்ல ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள வருது.

இப்ப குறைங்க. முதல் குறை அடுக்கின விதம். வருஷ வரிசைன்னு ஒண்ணு கிடையாது, ஒரு டிஸ்க் பக்ஸ், ஒரு டிஸ்க் ட்வீட்டி, ஒரு டிஸ்க் ஹாலிவுட் கிண்டல்னு தலைப்பு வாரியா அள்ளிப் போட்டிருக்காங்க. மேல சொன்ன முயல் சீசன் வாத்து சீசன் சண்டையை வெச்சு மொத்தம் மூணு படம் எடுத்தாங்க, மூணும் ஒரே செட்டு, ஆனா ரேபிட் ஃபயரும் ரேபிட் சீசனிங்கும் முதல் வால்யூம்ல, மூணாவதான டக் ரேபிட் டக் மூணாவது வால்யூம்ல. ஒரே உக்காரல்ல மூணையும் பாக்கணும்னா எழுந்து போய் பெட்டி மாத்தணும், அதுவும் மடிச்சு மடிச்சுத் திறக்கற அட்டைப் பெட்டி, நாலு தடவை திறந்தா மூலை நைஞ்சு போகுது.

ரெண்டாவது, படத்தை சுத்தம் பண்ணினதுல சில இடத்துல கை மீறிப் போயிருக்காங்க. தூசி தும்பை எடுக்கற மெஷினுக்கு வேகமா ஓடற பென்சில் கோடும் தூசியாத்தான் தெரியுது போல, அதனால சில கார்ட்டூன்ல ஆளு வேகமா திரும்பற ஃப்ரேம்ல அவுட்லைன் அங்கங்க அரிச்சுப் போயிருக்கும். எல்லாத்துலயும் இல்ல, பெரும்பாலான கார்ட்டூன்ல கலர் பளிச்சுனு அருமையா இருக்கு, ஆனா ஒரு தடவை கண்ணுல பட்டா அப்புறம் அதையே தேட ஆரம்பிச்சுடுவோம்.

இனக் கிண்டல் விஷயம். அந்தக் காலத்துப் படம், கறுப்பர், ஜப்பான்காரர், செவ்விந்தியர்னு எல்லாரையும் மட்டமா காட்டின சீன் நிறைய இருக்கு. மூணாவது பெட்டியில நடிகை ஹூப்பி கோல்ட்பர்க் வந்து அதைப் பத்திப் பேசுவாங்க, அடுத்த பெட்டிகள்ல எழுத்துலயே ஒரு கார்டு போட்டாங்க, இது அப்பவும் தப்பு இப்பவும் தப்பு, ஆனா வெட்டிட்டுக் காட்டினா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு. எனக்கு அந்த நிலைப்பாடு சரின்னு படுது. ஆனா அதையும் முழுசா செய்யல, 1968லயே டிவியில போடறதை நிறுத்தி வெச்ச பதினோரு கார்ட்டூன் இந்த ஆறு பெட்டியிலயும் கிடையாது. சின்னப் பசங்களோட பாக்கறவங்க ஆறாவது பெட்டியில இருக்கற யுத்த காலத்து டிஸ்க்கை முதல்ல நீங்க பாத்துட்டு அப்புறம் போடுங்க. என் பொண்ணுக்கு இதெல்லாம் கவலையே இல்ல, அவளுக்கு ஃபாக்ஹார்ன் லெக்ஹார்ன் சேவல் வந்தா போதும், அது பேசற பேச்சு ஒண்ணும் புரியலைன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கறா. இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு, டாஃபி எச்சில் தெறிக்கப் பேசறது நமக்கே அது இல்லாம பிடிபடாது.

ஸ்ட்ரீமிங்ல இருக்கே, எதுக்கு டிஸ்க்குன்னு கேக்கறவங்களுக்கு, அமெரிக்காவுல அப்ப மேக்ஸ்னு பேரு வெச்சிருந்த வார்னரோட சொந்த ஆப்லயே 2025 மார்ச்ல இந்தப் பழைய கார்ட்டூன் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. எடுத்தவங்க ஆப்லயே இல்லன்னா வேற எதை நம்பி உக்காரறது.

அதுக்குன்னு டிஸ்க் சாகாவரம் வாங்கிட்டு வந்ததுன்னும் நினைக்காதீங்க. வார்னர் டிவிடிங்கள்ல 2006லேருந்து 2008க்குள்ள தயாரான சில டைட்டில்ல கோளாறு இருக்குன்னு 2025ல கம்பெனியே ஒத்துக்கிச்சு, மாத்தித் தரோம்னாங்க, ஸ்டாக் இல்லாத டைட்டிலுக்கு அதே விலையில வேற படம். நாலு, அஞ்சு, ஆறு மூணு வால்யூமும் வந்தது சரியா அந்த வருஷங்கள்ல. எங்கிட்ட இருக்கறது இப்போதைக்கு ஓடுது. செகண்ட் ஹேண்டுல வாங்கறவங்க முதல் கார்ட்டூன் ஓடுச்சுன்னு சந்தோஷப்பட்டு காசைக் குடுத்துடாதீங்க, இந்தக் கோளாறுல டிஸ்க் மேல ஒரு கீறல் கூட இல்லாம இருந்தும் நடுவுல நின்னுடும், அதனால ஒவ்வொரு டிஸ்க்லயும் கடைசி கார்ட்டூன் வரைக்கும் ஓட்டிப் பாருங்க, இல்லன்னா திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்றவன்கிட்ட மட்டும் வாங்குங்க.

எல்லாம் ஒரேயடியா வாங்க முடியலைன்னா முதல் ரெண்டு பெட்டியை வாங்குங்க, ரெண்டாவதுல வாட்ஸ் ஓப்ரா டாக், ஒன் ஃப்ராகி ஈவ்னிங், போர்க்கி இன் வேக்கிலேண்ட்னு மூணு கார்ட்டூனும் இருக்கு, அந்த மூணுக்கே காசு சரியாப் போச்சு. டைரக்டர் பாப் க்ளாம்பெட் பைத்தியம்னா அடுத்து அஞ்சு, அவருக்குன்னே ஒரு டிஸ்க் ஒதுக்கியிருக்காங்க. இன்னொரு டைரக்டர் ஃப்ராங்க் டாஷ்லின் பிடிக்கும்னா நாலு. ஆறை கடைசிக்கு வைங்க, பாஸ்கோ, படின்னு பக்ஸுக்கெல்லாம் முன்னாடி இருந்த ஹீரோக்கள் வர்ற ஆரம்ப கால சரக்கு அது, ருசி வந்தவங்களுக்குத்தான். ஸ்பாட்லைட் கலெக்‌ஷன்னு கிட்டத்தட்ட இதே மாதிரி அட்டையில ஒண்ணு மலிவா சுத்திட்டு இருக்கும், அது குடும்பத்துக்குன்னு போட்ட ரெண்டு டிஸ்க் சுருக்கப் பதிப்பு, படத்தைப் பாத்து ஏமாந்து ஆர்டர் போடாதீங்க, பெட்டி மேல கோல்டன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.