பேனலின் முதுகைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில், குறிப்பாக ஆனேக்கல், சந்தாபுரம், அத்திபெலே பக்கம் புதிதாக வீடு கட்டியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சோலாருக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் பொறுத்து, இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதுகூட ஆறிவிடும். அந்த வேலையால் என் அம்மா ஓர் இரவு மூச்சுக்குத் தவித்ததும், வீடு தீப்பிடிக்காமல் தப்பியதும்தான் இன்னும் ஆறவில்லை.

சந்தாபுரத்தைத் தாண்டி ஒரு சிறிய மனை வாங்கி, பத்து வருடச் சேமிப்பையும் மனைவியின் நகைகளையும் போட்டுக் கட்டிய வீடு எங்களுடையது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய சான்றிதழ் இல்லாத கட்டடங்களுக்கு மின்சார, குடிநீர் இணைப்பு கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் அது 2025-ல் நடைமுறைக்கு வந்தபோது நாங்கள் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். ஓ.சி. என்னும் அந்தக் குடியேற்றச் சான்றிதழ் இல்லாமல் மீட்டர் கிடையாது என்றார்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய மே மாதக் கடைசி வரைதான் அவகாசம். வேறு வழியில்லாமல்தான் சோலாருக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் எங்களைப் போலப் போனவர்கள் ஏராளம். அந்த அவசரத்தை மோப்பம் பிடித்துத்தான் இந்த ஆட்கள் வருகிறார்கள்.

சோலார் பொருத்தித் தருவதாக எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதல் கேள்வியாக, "அண்ணா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். ஊத்தங்கரை என்றேன். "அடடா, எனக்கு அரூர்" என்றார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் ஊர்ப்பேச்சு. வேறு இரண்டு கடைகளில் 2,30,000 ரூபாய்க்கு மேல் சொன்ன வேலையை 1,85,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். 540 வாட் மோனோ பேனல் நான்கு, 150 ஏ.ஹெச். (பேட்டரியின் கொள்ளளவு) சோலார் பேட்டரி நான்கு, எம்.பி.பி.டி. (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) இன்வெர்ட்டர் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலும் அனுப்பினார். பில் கேட்டபோது, "நமக்குள் எதற்கண்ணா பில்? ஜி.எஸ்.டி. போட்டால் உங்களுக்குத்தான் பாரம்" என்றார். நான் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். பில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடமாட்டேன். ஆனால் என் சொந்த வீட்டுக்கு, ஊர்க்காரர் என்ற ஒரே காரணத்தால் தலையாட்டிவிட்டேன். 1,20,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன். மீதி 65,000 ரூபாயை வேலை முடிந்த அன்று கையில் கொடுத்தேன். அந்த 65,000 ரூபாய்க்கு இன்று என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஐந்து யூனிட் போதும். ஒரு ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறிகள், விளக்குகள், மனைவியின் தையல் இயந்திரம், அம்மாவின் மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாகத் தரும் நெபுலைசர், அவ்வளவுதான். பெங்களூர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் சுமார் நான்கு யூனிட் தரும். அப்படியானால் 2,160 வாட்டுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் வரவேண்டும். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போவது போனாலும் எங்களுக்குத் தாராளம். கணக்கில் தவறில்லை. மொட்டை மாடியில் இருந்த பொருளில்தான் தவறு.

ஜூன் மாதமே இரவு பதினொரு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்துவிட்டது. போனில் கேட்டால், "மழைக்காலம் அண்ணா, வெயில் வந்தால் சரியாகிவிடும்." ஜூலையிலும் அதே பதில், ஆகஸ்டிலும் அதே பதில். பெங்களூரில் இந்தச் சாக்கு நன்றாகவே செல்லும். தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை கொட்டும். ஆறு மாதம் ஒருவரை மேகத்தைக் காட்டியே காக்கவைக்க முடியும். மே மாதத்தில் பொருத்துகிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் இரவு இரண்டரை மணி. அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெபுலைசரை மாட்டினோம். மருந்துப் புகை இரண்டு நிமிடம்தான் வந்திருக்கும். இன்வெர்ட்டர் நீளமாக ஒரு முறை அலறி நின்றது. கூடவே நெபுலைசரின் இரைச்சலும் நின்றது. இருட்டில் அம்மாவின் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் மட்டும் கேட்டது. முகமூடியைக் கழற்றவும் மறந்து, கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்தார். மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் அந்த ஆளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

மழை ஓய்ந்து, ஜனவரி முழுவதும் வெயில் அடித்தும் நிலைமை மாறவில்லை. பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன், கன்னடக்காரர், பணியில் முப்பது வருடம் கண்டவர், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். ஒரு பைசா வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண்டுபிடித்தவற்றைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

உச்சி வெயிலில் ஒரு 540 வாட் பேனல் 13 ஆம்பியர் பக்கம் தரவேண்டுமாம். எங்களுடையது ஒவ்வொன்றும் ஏழு ஆம்பியரைத் தாண்டவில்லை. அவர் மீட்டரைப் பையில் போட்டுவிட்டு அளவு நாடா கேட்டார். மனைவி தையல் நாடாவையே எடுத்துக் கொடுத்தார். நீளம் ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் மூன்றேகால் அடி. 540 வாட் பேனல் ஏறக்குறைய ஏழரை அடி நீளமும் மூன்றேமுக்கால் அடி அகலமும் இருக்கும், 28 கிலோ பக்கம் எடை இருக்கும் என்றார். பிறகு பேனலுக்கு அடியில் குனிந்து படுத்து, பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தை நகத்தால் நெருடினார். அது எழும்பியது. பிசின் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு லேபிள், வெயிலில் வெளுத்துப்போய்: 335 வாட். நான்கிலும் அப்படியே. எங்கிருந்தோ கழற்றிய பழைய பாலி பேனல்களைக் கழுவித் துடைத்து, மேலே 540 என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பாலி செல்கள் நீல நிறமாக, உடைந்த கண்ணாடித் துண்டுகளை அடுக்கியதுபோல் தெரியும். மோனோ ஒரே சீராகக் கறுப்பாக இருக்கும். அந்த நீலத்தை ஒன்பது மாதமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது இன்வெர்ட்டர். மேலே எம்.பி.பி.டி. என்று எழுதியிருந்தது. பேட்டரி இன்னும் நிறையாத நேரத்தில், பேனல் கம்பி உள்ளே வரும் இடத்தில் வோல்ட் பார்த்தார்: 27. பேட்டரியில் பார்த்தார்: அங்கும் ஏறக்குறைய 27. உண்மையான எம்.பி.பி.டி. பேனலை அதற்கு வசதியான 37 வோல்ட் பக்கம் ஓடவிட்டு, மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும். பி.டபிள்யு.எம். என்ற மலிவான வகையோ பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துக் கட்டிவிடும். ஆம்பியர் கூடாது, மிகுதி வீணாகிவிடும். ஏழு ஆம்பியரை 27 வோல்ட்டால் பெருக்குங்கள்: 189 வாட். நான்கு பேனலுக்கும் சேர்த்து 760 வாட்டுக்குள். 2,160 வாட்டுக்குப் பணம் கொடுத்தவன் நான்.

பேட்டரியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 150 ஏ.ஹெச்., சி20 என்று இருந்தது. விலைப்பட்டியலில் அவர் எழுதியது சி10. சி10 என்பது சோலாருக்கென்று செய்யும் பேட்டரி, சொன்ன அளவைப் பத்து மணி நேரத்தில் தரும். சி20 என்றால் அதே அளவை இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் தரும். வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும். எப்போதாவது கரண்ட் போகும் வீட்டுக்கு அது போதும். தினமும் ராத்திரி முழுக்க உழைக்கும் வீட்டுக்குப் போதாது. வரிசை எண்ணைச் சொல்லி உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். அதில் இரண்டு பேட்டரிகளின் உத்தரவாதம் 2023-லேயே வேறொருவர் பெயரில் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவுக்கும் மேல் எலக்ட்ரீஷியனின் முகம் மாறியது கம்பியைப் பார்த்தபோதுதான். நான்கு பேனலின் கம்பிகளையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, வீட்டுக்குள் இழுக்கும் சாதாரண 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். பி.வி.சி. குழாயை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ச்சல் உடம்புபோல் சுட்டது. டேப் உருகிக் கறுப்பாக வழிந்திருந்தது. பெட்டியில் இருந்த எம்.சி.பி.யோ (ஆபத்தில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டு இணைப்பில் வரும் ஏ.சி. மின்சாரத்துக்கானது; பேனலிலிருந்து வருவது டி.சி. டி.சி. மின்சாரத்தில் பொறி எழுந்தால் இந்த எம்.சி.பி.யால் அதை அணைக்க முடியாமல் போகலாம் என்றார். எர்த் கம்பி என்று ஒன்று மாடியிலிருந்து இறங்கி, மண்ணில் புதைக்காமல் செடித்தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அன்று மாலையே பேனல்களைக் கழற்றிவைத்தோம். பேனல்கள் வெயிலில் பளிச்சென்று நின்றாலும் அந்தக் கம்பியை நம்பி என் பிள்ளைகளைத் தூங்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மானியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்னும் பலரை அதைச் சொல்லித்தான் மடக்குகிறார்கள். 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் வாங்கிப் போனார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம், மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் கூரைச் சோலாருக்கு மட்டும்தான். விண்ணப்பத்திலேயே மின் இணைப்பின் நுகர்வோர் எண் கேட்பார்கள். மீட்டரே இல்லாத எங்கள் வீட்டுக்கு எப்படிக் கிடைக்கும்? அதிலும் 78,000 ரூபாய் என்பது மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்கு. இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய்தான். அந்தப் பணமும் நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு வரும். தனித்து இயங்கும் சோலாருக்கு மானியம் என்று யாராவது சொன்னால் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள்.

இப்போது செய்திருப்பவை: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். போலி லேபிளுக்காகக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்புதல் சீட்டும் வாங்கிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். பில் இல்லாத எனக்குக் கைகொடுப்பவை வாட்ஸ்அப் விலைப்பட்டியலும் வங்கிப் பரிமாற்றமும்தான். அதனால் பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கும்போது பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றின் வரிசை எண்களும் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லை வாங்குங்கள், பேனலை மாடிக்கு ஏற்றும் முன் கீழேயே கவிழ்த்து, லேபிளை உரசிப் பார்த்து, நாடா பிடித்து அளந்துவிடுங்கள். மாட்டிய பிறகு முதுகு கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். விலை பேச வந்த அன்று, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்ததாகச் சொல்லிப் படம் காட்டினார். அவற்றில் ஒரு மாடியில் பச்சை நிறத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. இன்னொன்றின் கைப்பிடிச் சுவரில் துளசி மாடம். எல்லாப் படத்திலும் அதே நீலப் பேனல்கள். அந்த வீடுகளில் இன்று என்ன கம்பி சூடேறிக்கொண்டிருக்கிறதோ. அது உங்கள் மாடி என்றால், முதலில் டி.சி. கம்பி வரும் குழாயை மதியத்தில் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். ஒரே ஆளிடம் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள், நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். உரித்தெடுத்த நான்கு லேபிள்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பேனலின் முதுகிலும் அதே அச்சு இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவற்றை நானே கொண்டு வருகிறேன்.