பழைய ஜாய்ஸ்டிக் வாங்கப் போகிறீர்களா? கேமுக்குள் எடுத்த வீடியோவை நம்பாதீர்கள்

டிசிஎஸ், ஃபால்கன் பிஎம்எஸ், ஐஎல்-2 மாதிரி போர் விமானச் சிமுலேட்டர் கேம்களுக்காக யாராவது செகண்ட் ஹேண்டில் ஜாய்ஸ்டிக், த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) செட் வாங்கப் பணம் அனுப்பத் தயாராக இருந்தால், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். எனக்குப் போனது 16,500 ரூபாய், மூன்று வார இரவுகள், அப்புறம் ஒன்றரை வருடமாக உட்கார்ந்து செய்து வைத்திருந்த கீ செட்டிங் மொத்தமும். விற்றவர் பெயர், பிராண்டின் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு குரூப்பில் வரப் போகிறார், அவ்வளவுதான். எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் போதும்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக் குச்சி, முறுக்கினால் ரட்டர், அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை. டிசிஎஸ்ஸில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானத்தை வாங்கி, அதை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் அது போதவில்லை. புதிதாக வாங்கலாம் என்றால் எனக்குப் பிடித்த செட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலைக்கு மேல் கஸ்டம்ஸ் வேறு. அந்த நேரத்தில்தான் ஒரு குரூப்பில் இந்த விளம்பரம் வந்தது. "ஹால் சென்சார் அண்ணா, தேய்மானமே கிடையாது, ரெண்டு வருஷம் கூட ஆகல" என்றார் விற்ற தம்பி. ஹால் சென்சார் என்றால் காந்தத்தை வைத்துத் தூரத்திலிருந்தே அளப்பது, எதுவும் எதன்மீதும் உரசாது. விலை குறைந்த குச்சிகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், ரேடியோவில் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்குமே அதேதான், கார்பன் தடத்தின் மேல் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும். குச்சி பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும் என்பதால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன், அதுதான் எரிச்சல்.

வீடியோ கேட்டேன், உடனே அனுப்பினார். டிசிஎஸ்ஸில் வலது கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் திரையில் சிவப்புக் கோடுகளோடு ஒரு பெட்டி வரும், குச்சி எங்கே இருக்கிறது என்று அதற்குள் ஒரு புள்ளி காட்டும். வீடியோவில் அந்தப் பெட்டி தெரிந்தது. குச்சியை வேகமாக நாலா பக்கமும் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தார், புள்ளி நடுவில் வந்து கல் மாதிரி நின்றது. 5,000 அட்வான்ஸ், பார்சல் வந்ததும் மீதி. முதல் மூன்று நாள் அருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காவது நாள் முதல் கப்பல் பக்கம் போக முடியவில்லை. ஹார்னெட் இறங்கும்போது ஆங்கிள் ஆஃப் அட்டாக்கை, அதாவது எதிரே வரும் காற்றுக்கு விமானம் சாய்ந்திருக்கும் கோணத்தை, 8.1 டிகிரியில் பிடித்து, த்ராட்டிலால் உயரத்தைச் சரிசெய்துகொண்டே வர வேண்டும், கை கொஞ்சம் நடுங்கினாலும் தெரியும். என் விமானம் கோவில் யானை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. கப்பல் தளத்தில் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியைத் தாண்டிப் போவது, திரும்பச் சுற்றி வருவது, மறுபடி தாண்டுவது. வானில் எரிபொருள் நிரப்புவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், டேங்கர் விமானம் நீட்டும் குழாய்க்கூடைக்கு அரை மீட்டர் முன்னால் வந்து மூக்கு ஒரு துள்ளு துள்ளும். தம்பிக்கு மெசேஜ் போட்டேன். "ஹார்னெட் அப்படித்தான் அண்ணா, சென்சிட்டிவ். பழகப் பழகச் சரியாகிடும்" என்று பதில்.

நான் நம்பினேன்! எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். இந்த மாதிரி சிமுலேட்டரில் எது என் தவறு, எது பொருளின் கோளாறு என்று பிரிக்கவே முடியாது. கார் ரேஸ் கேமில் வண்டி தானாக இடது பக்கம் இழுத்தால் அப்போதே திட்டுவோம். இங்கே கஷ்டமாக இருந்தால் "நிஜ விமானமும் இப்படித்தான் போல" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம், நிஜ பைலட்டுகளே மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பதைத்தானே நாம் மேஜையில் உட்கார்ந்து செய்ய முயல்கிறோம் என்று. விற்பவருக்கு இதைவிட நல்ல மறைவிடம் எங்கே கிடைக்கும்? இரண்டு வாரம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஹார்னெட்டின் எஃப்சிஎஸ், அதாவது பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பின் சுயபரிசோதனையைக்கூடப் பொத்தானை அழுத்திப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் 'கோ' (சரியாக இருக்கிறது) என்று வந்தது. விமானத்துக்கு ஒன்றுமில்லை, நோயாளி மேஜைமேல் இருந்தது.

கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. கேமை நிறுத்தி வைக்க மறந்து எழுந்து போய்விட்டேன். ஹார்னெட் ஃப்ளை-பை-வயர், அதாவது நடுவில் கம்ப்யூட்டர் இருந்து ஓட்டும் விமானம், சக்கரத்தை உள்ளே இழுத்த பிறகு கையை எடுத்தால் தானே சமநிலையைச் சரிசெய்துகொண்டு அமைதியாகப் போக வேண்டும். வாசலிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன், ஆளே இல்லாத காக்பிட்டில் மூக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

உடனே விற்றவர்மேல் பாயவில்லை. டிசிஎஸ்ஸில் இப்படி நடக்க வேறு காரணங்களும் உண்டு. புதிதாக ஒரு கருவியைச் செருகினால் அதன் ஆக்சிஸ்களை (முன்பின், இடவலம் என்று ஒவ்வொரு அசைவையும்) பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது) என்று தானே ஒதுக்கி வைத்துவிடும். காலால் மிதிக்கும் பெடலின் பிரேக் ஒன்று பிட்ச்சோடும் இணைந்திருந்தால், காலை வைத்தாலே மூக்கு அசையும். ஆக்சிஸ் பக்கத்தைத் திறந்து பிட்ச் வரியில் குச்சியைத் தவிர மற்றதையெல்லாம் அழித்தேன், மாறவில்லை. யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினேன். விண்டோஸில் யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் பவர் செட்டிங்கை நிறுத்தினேன். ஒன்றும் மாறவில்லை.

இங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம். "சிம் செட்டப், ஸ்டட்டர் (படம் திக்கித் திக்கி ஓடுவது) எல்லாம் ரிமோட்டில் சரிசெய்து தரப்படும்" என்று ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 2,000 ரூபாய். "சார், உங்க ரேம் பத்தாது, ஷேடர் கேஷும் கெட்டுப்போயிருக்கு" என்றார். குச்சி துள்ளுவதற்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஷேடர் கேஷ் என்பது கேம் படம் வரைவதற்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள், அதை அழிப்பதென்றால் சேவ்டு கேம்ஸுக்குள் இருக்கும் டிசிஎஸ் ஃபோல்டரில் எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 என்ற இரண்டை மட்டும் காலி செய்தால் போதும், அடுத்த முறை ஓடும்போது அதுவே திரும்ப உருவாக்கிக்கொள்ளும். இவர் அந்த ஃபோல்டர் முழுவதையும் அழித்தார், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. அதற்குள்தான் கான்ஃபிக், அதற்குள் இன்புட், மூன்று விமானங்களுக்கு நான் ஒவ்வொரு பொத்தானாக வைத்த செட்டிங் எல்லாம். பேக்கப் எடுத்தீங்களா என்று கேட்டதற்கு, "அது கஸ்டமர்தான் சார் எடுத்து வச்சிருக்கணும்" என்றார். யாரையாவது உங்கள் கம்ப்யூட்டருக்குள் விடும் முன் அந்த இன்புட் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில நொடி வேலை.

உண்மையைக் காட்டியவர் கூடப் பறக்கும் ஒரு அண்ணன், காசு வாங்காமல், ஃபோனிலேயே. "கேமை மூடு. ரன் பெட்டியில் ஜாய் புள்ளி சிபிஎல் என்று அடி, ப்ராபர்ட்டீஸ் போ. கேலிப்ரேஷனை, அதான் முன்னாடி செய்து வச்ச அளவுத் திருத்தத்தை, முதலில் ரீசெட் பண்ணு. இப்போ குச்சியை மெதுவா, நத்தை மாதிரி இழு" என்றார். இழுத்தேன். திரையில் குச்சியின் இடத்தைக் காட்டும் பிளஸ் குறி வழுக்கிக்கொண்டு போகாமல் தவளை மாதிரி தாவியது. கையை எடுத்தேன், நடுவில் நிற்காமல் துடித்தது.

அப்படியானால் வீடியோவில் எப்படிக் கல் மாதிரி நின்றது? டெட்ஸோன், அதாவது நடுவில் சின்ன அசைவுகளைக் கேம் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி. டிசிஎஸ்ஸின் ஆக்சிஸ் ட்யூன் என்ற செட்டிங்கில் டெட்ஸோனை ஏற்றிவிட்டால் நடுப்பகுதித் துடிப்பு முழுக்க மறைந்துவிடும். சிவப்புப் பெட்டி காட்டுவது அந்த ட்யூனெல்லாம் போட்ட பிறகு வரும் மதிப்பைத்தான், சென்சார் சொல்வதை அல்ல. நான் 15 வைத்துப் பார்த்தேன், அவர் வீடியோ அப்படியே என் திரையில் வந்தது. வேகமாகச் சுழற்றியதும் அதற்குத்தான், மெதுவாக நகர்த்தினால் தாவல் தெரிந்துவிடும்.

அடிப்பக்கத்தைத் திறந்தேன். ஸ்க்ரூ தலைகள் ஏற்கெனவே வழுக்கியிருந்தன. உள்ளே ஹால் சென்சாரும் இல்லை ஒன்றும் இல்லை, சாதாரண பொட்டென்ஷியோமீட்டர், அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசை. கான்டாக்ட் கிளீனர் அடித்து அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அது அடித்தால் தேய்ந்த தடம் சில நாள் ஒழுங்காக நடந்துகொள்ளும், என் முதல் மூன்று நாள் போல. ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "நீங்க திறந்துட்டீங்களே அண்ணா, இனிமே நான் பொறுப்பில்ல" என்று வந்தது. அதற்குப் பிறகு பதில் இல்லை.

ஆக, வாங்குபவர்கள் கேட்க வேண்டியது கேமுக்குள் எடுத்த வீடியோ அல்ல. கேலிப்ரேஷன் ரீசெட் செய்வது, பிறகு ஒவ்வொரு ஆக்சிஸையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்து நொடி எடுத்து மெதுவாக நகர்த்துவது, கடைசியில் கையை எடுத்து அரை நிமிடம் சும்மா விடுவது, எல்லாம் வெட்டில்லாமல் ஒரே வீடியோவில், கையும் திரையும் சேர்ந்து தெரிய வேண்டும். நேரில் போக முடிந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஹால் சென்சார் என்று சொன்னால் மாடல் எண்ணை வாங்கித் தயாரிப்பாளர் பக்கத்தில் பாருங்கள், நான் அதைச் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. த்ராட்டிலையும் விடாதீர்கள், எல்லோரும் குச்சியையே பார்ப்பார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் அதே அளவில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் வாங்கி மாற்றிவிட்டேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது ஓடுகிறது. எவ்வளவு நாள் என்று பார்க்க வேண்டும். கப்பலில் சரியாக இறங்கினால் பிடிக்க வேண்டிய மூன்றாவது கம்பியைப் பிடிக்க இன்னும் வரவில்லை, ஆனால் இப்போது அது என் கைதான் என்று தெரிகிறது.

போன வாரம் அதே ஆள் வேறு பெயரில் வேறு செட் போட்டிருந்தார். அதே மேஜை, அதே சிவப்புப் பெட்டி, அசையாத புள்ளி. "ஜாய் சிபிஎல் வீடியோ ஒண்ணு போடுங்க தம்பி" என்று கீழே எழுதினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் என்னை பிளாக் செய்திருந்தார்.