வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமை: டிஜிட்டல் ஸ்க்ராப்புக் வகுப்புக்குப் போகலாமா?

முதலே சொல்லிவிடுகிறேன். காசு முழுக்க வீண் இல்லை, ஆனால் ஆறு சனிக்கிழமைக்குக் காசு கட்டி இரண்டரைச் சனிக்கிழமைதான் படித்தேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப்போகிறேன், சின்ன இடம், நடத்துகிற தம்பியும் நல்ல பிள்ளை. தேடுகிறவர்கள் வெள்ளவத்தையில் இரண்டு பேரிடம் கேட்டால் காட்டிவிடுவார்கள்.

காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. சனிக்கிழமை பின்னேரம் 2 மணியிலிருந்து 5 வரை, ஆறு வாரத்துக்கு 18,000 ரூபா. எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஆறு கொம்பியூட்டர்தான் வைத்திருக்கிறார்கள் என்பது முதல் நாள் போய் இருந்த பிறகுதான் தெரிந்தது. பிந்தி வந்த இரண்டு பேர் பக்கத்துக் கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். அடுத்த கிழமையிலிருந்து நான் என் லப்டொப்பையே தூக்கிக்கொண்டு போனேன்.

ஸ்க்ராப்புக் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படம், பழைய ரயில் ரிக்கற், கடிதத் துண்டு, பிறந்தநாள் கார்ட் என்று கையில் அகப்பட்டதை ஒரு கொப்பியில் ஒட்டிப் பக்கத்தில் நாலு வரி எழுதிவைப்பது. என் சித்தி சினிமாக்காரர் படங்களை வெட்டிக் கோதுமை மாப் பசையால் ஒட்டி வைத்திருந்தாளே, அதுவும் இதுதான், அப்போது யாரும் அதற்கு இங்கிலிஷில் பெயர் வைக்கவில்லை. அதையே பசை இல்லாமல் கொம்பியூட்டரில் செய்தால் டிஜிட்டல்.

நான் போன காரணம் வேறு. அம்மாவுக்கு 70 வயதாகிறது, ஒரு அல்பம் செய்து கொடுக்க நினைத்தேன். எங்களிடம் அல்பம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போய்விட்டது. இதை வாசிக்கிற பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும், அதனால் நீட்டவில்லை. மிஞ்சியது லண்டனில் இருக்கிற மாமாவிடம் இருந்தவை மட்டும். அவர் 1982இல் லீவில் வந்தபோது தன் கமராவில் எடுத்து, திரும்பிப் போய் அங்கேயே கழுவிய கலர்ப் படங்கள். முதலில் மச்சாள் அவற்றை போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், 38 படம், பாதியில் டியூப் லைட் வெளிச்சம் நெற்றியில் விழுந்து அப்பாவின் முகமே தெரியவில்லை.

முதல் வாரம் சுத்த அறுவை. போட்டோஷொப்பைத் திறந்து மெனுவை மேலிருந்து கீழே வாசித்தார்கள். அதுவும் காசு கொடுத்து வாங்கிய போட்டோஷொப் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் மேலே வந்து எட்டிப் பார்க்கிற எச்சரிக்கையிலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போய் எதில் பழகுவது என்று கேட்டால், "நான் பென் டிரைவில போட்டுத் தாறன் அண்ணா" என்றார் தம்பி. வேண்டாம் என்று விட்டேன். திருட்டுச் சரக்கில் வைரஸ் ஏறி இருக்கிற 38 படமும் போனால் யாரிடம் போய் அழுவது? மாதாமாதம் டொலரில் சந்தா கட்டுகிற வசதியும் இல்லை, ஒரு பொழுதுபோக்குக்கு அது தேவையும் இல்லை. படம் திருத்துகிற ஜிம்ப் என்ற மென்பொருள் இலவசம், 1996இலிருந்து இருக்கிறது, 2025 மார்ச்சில் வந்த 3.0இல் நிழல் போன்றவற்றைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றலாம். வகுப்பில் தருகிற போட்டோஷொப் கோப்புகளைத் திறக்க போட்டோபீ போதும். அது பிரவுசரிலேயே ஓடுகிறது, பக்கத்தில் விளம்பரம் வரும், சகித்துக்கொள்ளலாம், படங்கள் நம் கொம்பியூட்டரை விட்டு வெளியே போவதும் இல்லை. இந்த இரண்டையும் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது என் பெரிய முறைப்பாடு.

இரண்டாவது வாரம்தான் தம்பியின் கெட்டித்தனம் தெரிந்தது. படம், எழுத்து, நிழல் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற லேயர் என்றால் என்ன என்று எங்களோடு படித்த ஒரு அன்ரிக்கு எப்படிச் சொல்லியும் ஏறவில்லை. தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்ரி, சோத்துப் பார்சல் கட்டுறீங்கள். முதல்ல லஞ்ச் ஷீட். அதுக்கு மேல சோறு. அதுக்கு மேல கறி. கடைசியா அப்பளம். அப்பளத்தை எடுத்தா கறி கலையுமா?" என்றார். அவ்வளவுதான், அறை முழுக்க விளங்கிவிட்டது. பிறகு வகுப்பு முடியும் வரைக்கும் யார் எங்கே பிழைவிட்டாலும் "அன்ரி, நீங்கள் சோத்துக்குக் கீழ அப்பளத்தை வச்சிருக்கிறீங்கள்" என்பதுதான் பேச்சு.

நிழல் போடுவதையும் அதே அப்பளத்தை வைத்தே சொல்லித் தந்தார். இந்த வேலை சரியாகத் தெரிகிறதா, சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதா என்பது முக்கால்வாசி நிழலில்தான் இருக்கிறது. கடதாசி மெல்லியது, அதன் நிழல் ஒட்டினாற்போல மெல்லிசாக விழவேண்டும். பொத்தான், றிபன் போன்றவை தடிப்பு, நிழலும் கொஞ்சம் தள்ளி அகலமாக விழவேண்டும். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழவேண்டும், ஏனென்றால் பக்கத்துக்கு ஒரு சூரியன்தான். நான் முதலில் செய்த பக்கத்தில் படத்தின் நிழல் இடப்பக்கம், பூவின் நிழல் வலப்பக்கம். பார்க்க என்னவோ பிடிக்கவில்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை. தம்பி இரண்டு வினாடியில் காட்டிவிட்டார்.

கணக்கையும் அன்றைக்கே சொன்னார். ஸ்க்ராப்புக் பக்கம் வழக்கமாக 12 அங்குலச் சதுரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், ஆகவே பக்கம் 3600க்கு 3600. என் வட்ஸ்அப் படங்களைப் பார்த்தேன், 1280க்கு 960. நாலு அங்குலத்துக்கு மேலே இழுத்தால் உடையும். அனுப்பும்போதே படமாக அனுப்பாமல் டொக்கியுமென்றாக அனுப்பச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வட்ஸ்அப் சுருக்கிவிடும். இது முன்னமே தெரிந்திருந்தால் மச்சாளை இரண்டு தடவை கரைச்சல்படுத்தியிருக்கத் தேவையில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சாள், அந்தப் படங்களை ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு லண்டனிலிருந்து கையோடு கொண்டுவந்துவிட்டாள். மூன்றாவது வாரம் பேணியோடு வகுப்புக்குப் போனேன். அந்தப் பின்னேரத்துக்கு மட்டும் 18,000ஐயும் கொடுக்கலாம் என்று சிலசமயம் தோன்றுகிறது.

சின்னப் படம் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் பண்ணவேண்டும், ஜேபெக்காக இல்லாமல் டிஃப் கோப்பாக வைக்கவேண்டும், மூலத்தில் கை வைக்காமல் பிரதி எடுத்து அதில் வேலை செய்யவேண்டும், இவை எல்லா இடத்திலும் சொல்வதுதான். எனக்குத் தெரியாதது வேறு. பேணியில் இருந்த சில படங்கள் பசை பூசிய மட்டையும் பிளாஸ்டிக் தாளும் உள்ள அந்தக் காலத்து அல்பப் பக்கத்தோடேயே ஒட்டிக்கொண்டிருந்தன. நான் நகத்தால் கிளப்பப் போக, தம்பி கையைப் பிடித்துவிட்டார். பல் இடுக்குத் துப்பரவாக்குகிற நூலைப் படத்துக்குக் கீழே கொடுத்து மெல்ல அறுப்பதுபோல இழுத்தார். கழன்று வந்தது. வராத இரண்டை மட்டையோடேயே ஸ்கானரில் கவிழ்த்தார்.

படங்கள் எல்லாம் செங்கல் நிறம். அந்தக் காலத்துக் கலர்ப் பிரின்ற் பலவற்றில் பச்சை கலந்த நீலச் சாயம்தான் முதலில் மங்கும், இருட்டில் பூட்டி வைத்திருந்தாலும் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. வெளிச்சமும் நிறமும் திருத்துகிற லெவல்ஸ் என்ற கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எடுத்து, அதில் தெரிகிற வரைபடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அங்கே இரண்டு முனையையும் கொண்டுபோய் விட்டால், நாற்பது வருடத்துச் சிவப்பு ஒரு நிமிடத்தில் விலகுகிறது. பின்னால் நின்ற வாழை மரம் பச்சையானபோது அந்த அன்ரி "ஐயோ பிள்ளை" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அவர் உடுத்திருந்த சேலை பச்சையாக வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பச்சை இல்லையடா, மயில் நீலம். மாமா கொண்டுவந்தது" என்றார். திரும்பப் போய் நீலத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்ட, நாலாவது தடவைதான் தலையாட்டினார். எந்த மென்பொருளுக்கும் இது தெரியப்போவதில்லை. நிறம் பார்க்கும்போது ஆளைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் செய்யுங்கள், இருக்கிறபோதே.

அதைவிட மோசமான பிழை ஒன்று செய்தேன். கீறல், கறை மறைக்கிற ஹீல் கருவியைப் பழகிய வேகத்தில், ஒரு படத்தின் குறுக்கே ஓடிய மடிப்பை எடுத்தேன், நன்றாக வந்தது, அப்படியே சுவரில் இருந்த கறையையும் துடைத்துவிட்டேன். அம்மா படத்தைப் பார்த்ததும், "சுவரில கீறி வச்சிருந்தியே, அது எங்க?" என்றார். இரண்டு வயதில் நான் கரித்துண்டால் கீறியதாம். அதற்கு அப்பாவிடம் அடியும் வாங்கினேனாம். நல்ல காலம், மூலம் தனியாக இருந்தது. மடிப்பை மட்டும் எடுத்துக் கறையை அப்படியே விட்டேன்.

இதனால்தான் நாலாவது வாரம் காட்டிய முகத்தைத் தெளிவாக்குகிற செயற்கை நுண்ணறிவுச் செயலி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தட்டு, அம்மம்மாவின் மங்கிய முகம் சினிமாக்காரி மாதிரிப் பளிச்சென்று வந்துவிட்டது. அது இருந்ததைத் தெளிவாக்கவில்லை, இல்லாததைத் தானே ஊகித்து வரைகிறது. அம்மாவிடம் காட்டினேன், "ஆர் இது?" என்றார். அழித்துவிட்டேன்.

அதே வாரமும் ஐந்தாவது வாரமும் ஆயத்தமாகக் கிடைக்கிற பின்னணிகள், ஸ்ரிக்கர்கள், மாதிரிப் பக்கங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை இறக்கித் தந்தார்கள். பனி, பழுத்த மேப்பிள் இலை, பூசணிக்காய். வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் பனிமனிதனை வைத்து நான் என்ன செய்ய? பேசாமல் வீட்டில் அம்மாவின் சேலைக் கரையை ஸ்கானரில் விரித்தேன், பனையோலைப் பாயின் மூலை ஒன்றைப் போனில் எடுத்தேன், என் பழைய ஒற்றை றூல் கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன். பக்கம் உடனே எங்கள் வீட்டுப் பக்கமாகிவிட்டது. இதை வகுப்பிலேயே சொல்லித் தரலாம், இரண்டு வாரத்தை அரை நாளில் முடித்திருக்கலாம்.

தமிழ் எழுத்து பெரிய தலையிடி. தம்பி இன்னும் பாமினியில் அடிக்கிறார், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அத்தனையும் ஆங்கிலக் குப்பை. யூனிகோடில் அடித்தால் அவருடைய போட்டோஷொப்பில் "கொழும்பு" என்பதன் கொம்பு இடம் மாறி நின்றது. டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று ஒன்றைத் தெரிவுசெய்தால் சரியாகும், இதை நான் வீட்டில் தேடிக் கண்டுபிடித்து அவருக்கே சொன்னேன். ஜிம்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. எழுத்துருவுக்கு கூகிள் ஃபொன்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிற கவிவனார், சாய்ந்த கையெழுத்து மாதிரி, ஸ்க்ராப்புக்குக்கு என்றே பிறந்தது போல. நம் இலங்கையர் தாரிக் அஸீஸ் செய்தது என்று தெரிந்ததும் இன்னும் பிடித்துவிட்டது.

கடைசி வாரம் அச்சு. வகுப்பில் சொன்ன ஒரு அச்சகத்தில் கொடுத்தேன், புத்தகம் இருட்டாக வந்தது, ஓரத்தில் எழுதிய வரிகளில் பாதியை வெட்டுகிறபோது விழுங்கிவிட்டார்கள். பாதிப் பிழை என்னுடையது, திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்தால் அச்சில் இருட்டாகத்தான் வரும். ஆனால் ஓரத்தில் 3 மில்லிமீற்றர் விடவேண்டும் என்று கோப்பை வாங்கும்போதே அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், காசை வாங்கும்போது மட்டும் நன்றாகவே வாய் திறந்தார்கள். இரண்டாவது தடவை வேறு இடம், முதலில் ஒரே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுத்தேன். வடிவாக வந்தது. மயில் நீலம் மயில் நீலமாகவே வந்தது.

புள்ளி போடச் சொன்னால் 5க்கு 3. கொம்பியூட்டரில் பயம் உள்ளவர்கள், 60 தாண்டியவர்கள், பக்கத்தில் ஒருவர் இருந்து காட்டினால்தான் பிடிபடும் என்கிறவர்கள் தாராளமாகப் போகலாம், தம்பிக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் ஜிம்பை இறக்கி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போய் ஒரு தட்டை ஸ்கானர் வாங்கினால் போதும், நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். அடுத்து 25,000க்கு அட்வான்ஸ்ட் வகுப்பாம். என்னையும் கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் சொந்த லப்டொப்பைக் கொண்டுபோங்கள், மூன்றாவது சனிக்கிழமை மழை பெய்தாலும் போங்கள். லிஃப்ட் இல்லை. தேத்தண்ணி மேலே வராது, மூன்றரைக்கு இடைவேளை விடும்போது கீழே இறங்கிப் போய்த்தான் குடிக்கவேண்டும், ரோல்ஸும் அதற்குள் முடிந்துவிடுகிறது.